எந்தத் தண்டை வெட்டுவது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்க மழை பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். குளிர் உண்டு, ஆனால் கொன்றுபோடும் குளிர் அரிது. பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் இங்கே எளிதில் செழிக்கும். வேலியோரம் நாலைந்து புதர் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். பிப்ரவரி பிறந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் கவாத்துக் கத்தரியோடு புதர் முன்னால் வந்து நிற்பார்கள். இலையெல்லாம் உதிர்ந்து முள்ளும் தண்டுமாகப் பின்னிக் கிடக்கும் அந்தக் குவியலில் எதை வெட்டுவது, எதை விடுவது? எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். தவறான தண்டுகளை வெட்டிவிட்டால் செடி சாகாது. இன்னும் முரட்டுத்தனமாகத் தழைக்கும். ஆனால் அந்த ஆண்டு ஒரு பழம்கூடக் கிடைக்காது.

பெர்ரி வளர்ப்பு பற்றிய கையேடுகள் இதற்குப் பக்கம் பக்கமாக விதிகள் தருகின்றன. ரகத்துக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று. அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் எண்ணம். செடியின் வாழ்க்கை முறையில் ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் போதும், விதிகள் தாமாகவே வந்துவிடும். இந்தச் செடியின் வேருக்கு வயது பல ஆண்டு, தண்டுக்கு வயது இரண்டே ஆண்டு.

ரோஜாக் குடும்பத்தில் ரூபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை இவை. மண்ணுக்குள் இருக்கும் வேரும், அதன் தலைப்பில் உள்ள அடிக்கிழங்கு போன்ற பகுதியும் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். அதிலிருந்து வசந்தத்தில் புதுத் தண்டுகள் முளைக்கின்றன. முதல் ஆண்டில் அந்தத் தண்டு நீள்வதும் இலை விடுவதுமாகவே இருக்கும், பூக்காது. இலையுதிர்காலம் வந்து பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது இலைக்கக்கங்களில் உள்ள மொட்டுகளுக்குள் பூவின் கரு உருவாகத் தொடங்குகிறது. பிறகு குளிர்கால உறக்கம். அடுத்த வசந்தத்தில் அந்த மொட்டுகள் சிறு கிளைகளாக நீண்டு, கிளை நுனியில் பூத்து, காய்த்து, பழுக்கின்றன. பழம் முடிந்ததும் அந்தத் தண்டு அடியோடு காய்ந்துவிடும். அது காயும் அதே கோடையில், பக்கத்திலேயே அடுத்த ஆண்டுக்கான புதுத் தண்டுகள் ஆளுயரம் வளர்ந்து நிற்கும்.

வாழை வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தார் வெட்டிய மரத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை விடுகிறோமே, அதே கணக்குத்தான். வித்தியாசம், இங்கே தாயும் கன்றும் ஒரே உயரத்தில், ஒரே பருமனில், ஒன்றோடொன்று பின்னி நிற்கின்றன.

ஆகவே எந்தத் தண்டை வெட்டுவது என்ற கேள்வி, இந்தத் தண்டுக்கு வயது என்ன என்ற கேள்விதான். காய்த்து முடித்த தண்டின் பட்டை சாம்பல் நிறத்தில் உரிந்து கிடக்கும். பழம் தாங்கிய காம்புகளின் மிச்சம் கிளை நுனிகளில் ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பாக, ஈரமில்லாமல் இருக்கும். புதுத் தண்டு வழவழப்பாக இருக்கும், கீறினால் பச்சை தெரியும். பிப்ரவரி வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், காத்திருக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் கடைசிப் பழம் பறித்த கையோடு, காய்த்த தண்டு எதுவென்று சந்தேகமே இல்லாத நேரத்தில் வெட்டிவிடுவதே நல்லது. தண்டைத் தாக்கும் பூஞ்சைகள் பழைய தண்டில் தங்கிப் புதியதற்குத் தாவும் வாய்ப்பும் குறையும்.

மற்ற வெட்டுகளும் இதே நியாயத்தில்தான் வருகின்றன. நிமிர்ந்து வளரும் பிளாக்பெர்ரியின் புதுத் தண்டு ஒரு மீட்டரைத் தாண்டும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் விடும். அடுத்த ஆண்டு பூக்கப்போவது அந்தக் கிளைகளில்தான் என்பதால் விளைச்சல் கூடும். சிவப்பு ராஸ்பெர்ரியில் கோடைக் கிள்ளல் வேண்டாம், அதன் பலம் நேர்த்தண்டில் இருக்கிறது. மெலிந்தவற்றைக் களைந்து, வரிசையில் ஓர் அடிக்கு நாலைந்து தண்டு மட்டும் விட்டால் போதும். ஓரிகனின் படரும் பிளாக்பெர்ரிகள் ஆறு மீட்டர் வரை நீளும். அவற்றுக்கு இரண்டு கம்பி கட்டிய பந்தல் வேண்டும். பழம் தாங்கும் தண்டுகள் கம்பியில் இருக்கும்போது, புதுத் தண்டுகளை அடியிலேயே வரிசையோரமாகத் தரையில் படரவிட்டு, பழையவற்றை வெட்டிய பின் மேலே ஏற்றிச் சுற்றுவார்கள். இரண்டு வயதுகளையும் கலக்கவிடாமல் வைப்பதற்கான ஏற்பாடு இது.

இந்த இரண்டாண்டுக் கணக்கையே மாற்றிவிட்ட ரகங்களும் வந்துவிட்டன. சில ராஸ்பெர்ரிகளில் முதலாண்டுத் தண்டின் நுனி மட்டும் அந்த ஆண்டு இலையுதிர்காலத்திலேயே பூத்துக் காய்க்கும். இந்தக் குணத்தை வளர்த்தெடுத்த ரகங்களில் பேர்பெற்றது, நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1969இல் வெளியிட்ட ஹெரிட்டேஜ். பிளாக்பெர்ரியில் இதைக் கொண்டுவர மேலும் 35 ஆண்டுகள் ஆயின. 2004இல் ஆர்கன்சா பல்கலைக்கழகம் பிரைம்-ஜான், பிரைம்-ஜிம் என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. இவற்றில் குளிர்காலத்தில் எதையும் ஆராயாமல் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிடலாம். வசந்தத்தில் முளைப்பது அந்த ஆண்டே காய்க்கும். முதன்முதலில் பெர்ரி வைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு: இந்தப் பிளாக்பெர்ரிகள் பூக்கும்போது கடும் வெப்பம் அடித்தால் காய்ப்பு வெகுவாகக் குறையும்.

முள்ளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முள்ளில்லாத செடி வேண்டும் என்றுதான் எல்லோரும் கடையில் கேட்கிறார்கள். முள்ளில்லாமை என்பது ஒரே காரணத்தால் வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

பெர்ரியின் முள் எலுமிச்சை முள்ளைப் போலக் கிளையின் உருமாற்றம் அல்ல, புறத்தோலின் வளர்ச்சி. வளரும் நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலடுக்கு தோலாகிறது. அதற்கு அடுத்த அடுக்கிலிருந்து மகரந்தமும் சூலும் உண்டாகின்றன. வேர்கள் இன்னும் உள்ளிருந்து வருகின்றன. 1920களில் ஓரிகனில் எவர்கிரீன் என்ற முள் பிளாக்பெர்ரியில் முள்ளில்லாத தண்டு ஒன்று தோன்றியது. அதில் மரபணு மாற்றம் நேர்ந்திருந்தது மேலடுக்கில் மட்டும். உள்ளே இருப்பது பழைய முள் செடிதான். முள்ளில்லாத் தோலை மட்டும் போர்த்திக்கொண்டு அது ஒரே உடலில் இரண்டு மரபுகளாக வாழ்ந்தது. இப்படிப்பட்ட செடியைத் தாவரவியலில் கைமேரா என்பார்கள்.

தோட்டக்காரருக்கு இதனால் என்ன? வேரைக் கொத்திக் காயப்படுத்தினால் அங்கிருந்து எழும் பக்கக்கன்று உள்ளடுக்கின் பிள்ளை, ஆகவே முள்ளோடு வரும். விதை போட்டாலும் முள்ளோடு வரும். தண்டு நுனியைப் பதியன் போட்டால் மேலடுக்கு அப்படியே தொடர்ந்து, முள்ளில்லாத கன்று கிடைக்கும். முள்ளில்லாத செடி வாங்கி வைத்தேன், இரண்டு வருடத்தில் முள் வந்துவிட்டது என்று புலம்புகிறவரின் தோட்டத்தில் வேரோரம் மண்வெட்டி பட்டிருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் கிடைத்த மெர்ட்டன் தார்ன்லெஸ் வேறு வகை. அதில் முள்ளில்லாமை எல்லா அடுக்கிலும் இருக்கும் மரபணுவால் வருவது, விதைக்கும் போகும். ஆனால் அது ஒடுங்கு பண்பு. மேலும் இந்தப் பிளாக்பெர்ரிகளில் குரோமோசோம்கள் நான்கு நான்காக இருக்கின்றன. முள்ளில்லாச் செடியை முள் செடியோடு கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் முள்ளோடு பிறக்கும். அந்தத் தலைமுறையைத் தன்னோடே கலந்தால், பட்டாணியில் மெண்டல் கண்ட நான்கில் ஒன்று இங்கே கிடைக்காது. நான்கு பிரதிகளும் ஒரே செடியில் சேர வேண்டுமே. 36 நாற்றுகளுக்கு ஒன்றுதான் முள்ளில்லாமல் பிறக்கும். அந்த ஒன்றும் நல்ல சுவையோடும், குளிர் தாங்கும் உடலோடும், நிறையக் காய்ப்பதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை இந்த வழியில் ஸ்மூத்ஸ்டெம், தார்ன்ஃப்ரீ என்ற ரகங்களை 1966இல் வெளியிட்டது. இன்று கன்றுக் கடையில் கை கீறாமல் தூக்கிவரும் ஒவ்வொரு தொட்டிக்குப் பின்னாலும், பிடுங்கி எறியப்பட்ட ஆயிரக்கணக்கான முள் நாற்றுகள் இருக்கின்றன.

புது ரகங்கள் எல்லாம் ஆய்வு நிலையத்தில் பிறந்தவை அல்ல. 1880களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சாண்டா குரூசில் ஜேம்ஸ் ஹார்வி லோகன் என்ற நீதிபதி தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பிளாக்பெர்ரி ரகங்களை அருகருகே வைத்துக் கலப்பினம் உருவாக்கப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பழைய சிவப்பு ராஸ்பெர்ரியும் இருந்தது. தேனீ அங்கிருந்தும் மகரந்தம் சுமந்து வந்தது. அவர் விதைத்த நாற்றுகளில் ஒன்று பிளாக்பெர்ரியின் வடிவில் சிவப்புப் பழம் தந்தது. அதுதான் லோகன்பெர்ரி. அதே மாநிலத்தில் ருடால்ஃப் பாய்சன் என்பவர் உருவாக்கிக் கைவிட்டுவிட்ட கொடிகளை, வேளாண்மைத் துறையின் ஜார்ஜ் டாரோவும் விவசாயி வால்டர் நாட்டும் களைகளுக்கு நடுவே தேடிக் கண்டெடுத்தார்கள். நாட் அவற்றைத் தன் பண்ணையில் பிழைக்கவைத்து, 1930களில் பாய்சன்பெர்ரி என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

இந்தச் செடிகளின் குணங்களில் சில இடம் மாறினால் ஆபத்தாகின்றன. பிளாக்பெர்ரித் தண்டு வளைந்து, அதன் நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடும். ராஸ்பெர்ரி வேரிலிருந்து கன்றுகளை வரிசைக்கு வெளியே அனுப்பும். வீட்டில் கன்று பெருக்க இவை அருமையான வழிகள். இலையுதிர்காலத்துக்குச் சற்று முன் நுனியை நாலு அங்குலம் மண்ணில் புதைத்தால் வசந்தத்தில் வேரோடு வெட்டி எடுக்கலாம். அதே வேலையைக் கேட்பாரில்லாமல் ஒரு செடி நூறு ஆண்டுகள் செய்தால் என்ன ஆகும் என்பதை ஓரிகனிலும் வாஷிங்டனிலும் நெடுஞ்சாலையோரங்களில் பார்க்கலாம். தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் 1885இல் இந்தியாவிலிருந்து வந்த விதைகளிலிருந்து வளர்த்து, இமாலயன் ஜயன்ட் என்று பெயரிட்டுப் பரப்பிய பிளாக்பெர்ரி அது. உண்மையில் அதன் பூர்வீகம் ஆர்மீனியா. பறவைகள் பழம் தின்று விதை பரப்ப, நுனிகள் வேர்விட்டு முன்னேற, ஆற்றங்கரைகளில் அது பிற செடிகளுக்கு இடமே விடவில்லை.

இதில் நம் மலைகளுக்கும் பங்கு உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் சாலையோரம் மஞ்சள் பழம் காய்க்கும் ரூபஸ் எலிப்டிகசும், வெண்சாம்பல் தண்டில் கருஊதாப் பழம் காய்க்கும் ரூபஸ் நிவியசும் இயல்பாக வளர்பவை. அங்கே அவை மண்ணின் பிள்ளைகள். பறவைக்கும் உணவு, பள்ளி விட்டு வரும் குழந்தைக்கும் உணவு. நிவியசை உலகம் மைசூர் ராஸ்பெர்ரி என்று அறியும். குளிரே இல்லாத தென் புளோரிடாவில் வீட்டுத் தோட்டத்தில் நம்பி வைக்கக்கூடிய ராஸ்பெர்ரி அதுதான். ஆனால் கலாபகஸ் தீவுகளில், வேறெங்கும் இல்லாத ஸ்கலேசியா மரக்காட்டின் அடியில் புகுந்து, மர நாற்றுகள் தலைதூக்க முடியாதபடி மூடிக்கொண்டிருப்பதும் அதே செடி. எலிப்டிகஸ் ஹவாய்க் காடுகளில் அதைவிட மோசம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. இதனால் பெர்ரி வளர்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எந்த இனம் எந்த ஊரில் பரவும் என்று கேட்டறிந்து வாங்குவதும், வெட்டிய தண்டைக் காட்டோரம் வீசாமல் இருப்பதும் வளர்ப்பவரின் கடமை.

கோத்தகிரியில் காய்ப்பது சென்னை மாடியில் ஏன் காய்ப்பதில்லை என்று கேட்பார்கள். குளிர்நாட்டு ரகங்களில் தண்டின் மொட்டுகள் உறக்கத்திலிருந்து எழக் குளிரின் கணக்கு நிறைய வேண்டும். பெரும்பாலான சிவப்பு ராஸ்பெர்ரி ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் தேவை. சில பிளாக்பெர்ரிகளுக்கு 300 மணி நேரமே போதும். சமவெளித் தமிழ்நாட்டில் அதுவும் கிடைக்காது. கணக்கு நிறையாத மொட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்துச் சோர்ந்துவிடும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லேசான அமிலத்தன்மை, நிறையத் தொழு உரம், தண்ணீர் தேங்காத வடிகால். ஈரம் தேங்கினால் ராஸ்பெர்ரி வேர் அழுகும், களிமண்ணில் மேட்டுப்பாத்தி போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் மூன்று நாலு ஆண்டுகளுக்கு வைக்க வேண்டாம். அவற்றைத் தாக்கும் வெர்ட்டிசிலியம் வாடல் நோய் மண்ணில் தங்கி இவற்றையும் பிடிக்கும்.

பழம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஒரு ராஸ்பெர்ரிப் பூவின் நடுவில் சூலகங்கள் நூறு வரை இருக்கும். ஒவ்வொன்றும் தனியாக மகரந்தம் பெற்று, தோல், சதை, உள்ளே ஓடு மூடிய ஒரு விதை என மாங்கனியின் அதே அமைப்பில் ஒரு குட்டிக்கனி ஆகிறது. எல்லாம் சேர்ந்ததுதான் பழம். தாவரவியல் இதைத் திரள்கனி என்கிறது, சீதாப்பழமும் அதே வகை. பார்வைக்கு ஒத்திருக்கும் மல்பெரி வேறு குடும்பம், அது பல பூக்கள் சேர்ந்து ஆவது. தேனீ வராத நாட்களில், மழையில், சில சூலகங்கள் மகரந்தம் பெறாமல் போனால் பழம் கோணலாக வரும், கையில் உதிரும். ஆண்டுதோறும் நல்ல வெயிலிலும் உதிர்ந்தால் மகரந்தம் வழியே பரவும் குறும்புதர் வைரசைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்தில்லை. செடியைத் தோண்டி எடுத்துவிட்டு நோயற்ற கன்று வாங்குவதுதான் வழி.

பறிக்கும்போது ராஸ்பெர்ரி தன் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு உள்ளே குழியோடு கழன்று வரும். பிளாக்பெர்ரியில் அது பழத்தோடு வரும். பிளாக்பெர்ரி கருத்தவுடன் பறிப்பதுதான் பலரும் செய்வது. அப்போது அது பளபளவென்று இருக்கும், வாயில் போட்டால் புளிக்கும். பறித்த பின் அதற்கு இனிப்பு ஏறாது. பளபளப்பு மங்கி, தொட்டால் கையோடு வரும்வரை இரண்டு மூன்று நாள் பொறுத்தால்தான் அதன் முழுச் சுவை.

அந்தப் பொறுமைக்கு இப்போது ஒரு எதிரி வந்திருக்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த புள்ளிச் சிறகுப் பழ ஈ, டிரோசோஃபிலா சுசூகி, 2008இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே ஓரிகனுக்கு வந்தது. மற்ற டிரோசோஃபிலா ஈக்கள் பெரும்பாலும் அழுகிய பழத்தைத் தேடும். இதன் பெண்ணுக்கு ரம்பப் பல் கொண்ட முட்டையிடும் உறுப்பு இருப்பதால், பழுத்துவரும் நல்ல பழத்தின் தோலை அறுத்து உள்ளே முட்டை வைக்கும். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு நஞ்சு தெளிப்பதை நான் விரும்பவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பது, கனிந்து விழுந்ததையும் பொறுக்கி எடுப்பது, பறித்ததை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, பூ முடிந்ததும் நெருங்கிய கண்ணுள்ள வலையால் மூடுவது என்று நிறையச் செய்யலாம். இந்த ஈ நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. காய்த்த தண்டுகளை அகற்றி, புதரின் நடுவில் வெயிலும் காற்றும் போகும்படி வைத்திருப்பவர் தோட்டத்தில் அதன் தொல்லை குறைவு.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வளர்க்க வேண்டும், கடையில்தான் ஆண்டு முழுவதும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறதே என்று கேட்டால், மேரியன் என்ற ரகத்தைக் காட்டுவேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஜார்ஜ் வால்டோ ஓரிகனில் உருவாக்கி 1956இல் வெளியிட்டது. சாலையோரத்தில் எல்லோரும் சபிக்கும் அந்த இமாலயன் பிளாக்பெர்ரியும் அதன் முன்னோர்களில் ஒன்று. இனிப்பும் புளிப்பும் மணமும் அதில் கூடியிருப்பதுபோல் பிற பிளாக்பெர்ரிகளில் கூடுவதில்லை என்று ஓரிகன்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் தோல் மென்மை, பயணம் தாங்காது. விளைவதில் பெரும்பங்கு உறையவைத்தும் ஜாம் காய்ச்சியும்தான் வெளியூர் போகிறது. தூரத்துக் கடைகளுக்கு வருபவை நீண்ட பயணத்தைத் தாங்கும் கெட்டித்தன்மைக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள், அவையும் பெரும்பாலும் பளபளப்பு மங்குவதற்கு முன்பே பறித்தவை. முழுதாகக் கனிந்த மேரியனை ஜூலையில் வில்லமெட் பள்ளத்தாக்கின் உழவர் சந்தைகளில் சில வாரங்கள் வாங்கலாம். மற்றபடி அதைத் தின்ன வேண்டுமென்றால் போன ஆண்டுத் தண்டைச் சரியாக அடையாளம் கண்டு விட்டுவைத்த ஒருவரின் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.